மணப்பெண் படமும் மரவள்ளிக் கிழங்கும்

கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் படம் பிடிக்கிறவளுக்கு, படம் எடுப்பது பாதி வேலை, எடுத்த படத்தைப் பொத்தி வைப்பது மீதி வேலை.

கையில் போன் வைத்திருக்கிற எல்லாருமே இந்த விஷயத்தில் என் கட்சிதான் என்று நினைக்கிறேன். குடும்பக் குரூப்பில் ஆசையாய்ப் போட்ட படம், மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒருவருடைய ஸ்டேட்டஸில் நின்று சிரிப்பதைக் கண்டு பதறாதவர் யாரும் உண்டா? உண்டென்றால் அவர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அல்லாஹ் அவரைக் காப்பாற்றட்டும்.

எனக்கு ஊர் கல்முனை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்குள் ஆண்கள் வருவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பெண்கள் முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆசை தீர உடுத்தி, ஆசை தீரச் சிரிப்பார்கள். உள்ளே படம் பிடிக்க அனுமதி உள்ள கமரா என்னுடையது ஒன்றுதான். அதிலிருந்து ஒரே ஒரு படம் வெளியே போனாலும் அந்தப் பிள்ளை வீதியில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டாள். எனக்கும் அன்றோடு ஒரு வீட்டுக் கதவும் திறக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

மயில் யன்னல்

தொழில் தொடங்கிய புதிதில் எனக்கென்று ஒரு பேஜ் திறந்தேன். முகம் தெரிகிற படம் ஒன்றும் போடுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டுதான் திறந்தேன். முதலில் போட்டது சாய்ந்தமருதில் ஒரு மணப்பெண்ணின் கை. மருதோண்டி போட்ட கை மட்டும்தான். அவளுடைய உம்மாவிடம் கேட்டேன். "கைதானேகா, போடு" என்றார். கையும் அழகு, மருதோண்டியும் அழகு, பின்னால் மாலை வெயில் விழுந்த யன்னலும் அழகு. வினை அந்த யன்னலில்தான் இருந்தது.

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். அந்த வாப்பா, வீட்டு யன்னல் கம்பியை மயில் தோகை மாதிரிச் செய்வித்திருந்தார். ஊரிலேயே மயில் யன்னல் உள்ள வீடு அது ஒன்றுதான். பத்து நிமிடத்தில் படத்துக்குக் கீழே ஒருவர், 'இது நம்மட மயில் ஊடு' என்று எழுதினார். அடுத்தவர் பெண்ணின் பெயரை எழுதினார். அதற்கடுத்தவர் மாப்பிள்ளையின் பெயரையும் தொழிலையும், ஏன் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் நிறத்தையும் எழுதினார். அடுத்த நாள் காலையில் வாசலில் சோபா விற்கிற ஒருவரும் பந்தல்காரர் ஒருவரும் நின்றார்கள். மயிலைப் பார்க்கவென்று இளந்தாரிகள் வீட்டைச் சுற்றிச் சுற்றி மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். பெண் யன்னலைத் திறக்காமல் அறைக்குள் இருந்து அழுதாள்.

படத்தை அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் அது எத்தனை போனில் ஏறியதோ யாருக்குத் தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? நேரே போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அன்றிலிருந்து என் பேஜில் கையும் இல்லை, காலும் இல்லை, வெறும் பூக்களும் சரிகைக் கரைகளும்தான். அவளுடைய மாமி ஏசவில்லை. தேத்தண்ணீரைக் கையில் தந்துவிட்டு அமைதியாய்ச் சொன்னார்:

"முகத்த மூடிட்டு விலாசத்தக் காட்டிட்டாய் கா."

கட்டாருக்குப் போன மணப்பெண்கள்

என் மூத்த அண்ணனுக்கு, எங்கள் பேச்சில் நானாவுக்கு, கட்டாரில் வேலை. எனக்குப் போன் அனுப்பியவர் அவர்தான். தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது என்ற நல்லெண்ணத்தில், தன்னுடைய மின்னஞ்சல் கணக்கையே அதில் போட்டு, எல்லாம் சரிசெய்து அனுப்பினார். தன் மனைவிக்கு, அதாவது என் மதினி நஸ்ரினுக்கு அனுப்பிய போனிலும் அதே கணக்கு. எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான். வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருக்கும், வீட்டில் ஆறு போன் இருக்கும், ஆறுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. வீட்டுக்கு ஆறு கதவு வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு, ஒரே சாவி செய்வித்த கதை. இதிலே என்ன பிசகு என்று நானும் இருந்தேன்.

ஒருநாள் ஒரு மணப்பெண்ணுக்குக் காட்டுவதற்காக அவளுடைய படங்களைக் கமராவிலிருந்து போனுக்கு மாற்றினேன். நாலாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நஸ்ரின் வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றி எறிந்த விதத்தில் விஷயம் பெரிது என்று விளங்கியது. தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "உங்கட நானாட கணக்குக்குள்ள இரிக்கிற பொம்புளகளப் பாருங்க! தலையும் மூடல்ல, சிரிப்பு வேற!" என்று கத்தினாள். பார்த்தேன். அத்தனையும் நான் எடுத்த படங்கள். என் போனிலிருந்து தானாகவே ஏறி, அதே கணக்கு வழியாக நஸ்ரினுடைய போனுக்கும் கட்டாருக்கும் போயிருந்தன.

அந்த இடத்திலேயே நானாவைக் கூப்பிட்டேன். "திறந்து பாக்காம அழிங்க, என்ட தொழில் போயிரும்" என்று அழாத குறையாய்ச் சொன்னேன். பாவம், வேலை மும்முரத்தில் அவர் அந்தப் பக்கமே போகவில்லையாம், மனைவி ஏன் பேசாமல் இருக்கிறாள் என்பதுதான் அவருடைய கவலை. எல்லாவற்றையும் அழித்து, குப்பைக் கூடையையும் காலிசெய்து, எனக்குத் தனிக் கணக்கு, நஸ்ரினுக்குத் தனிக் கணக்கு, தானாக ஏறுவதை நிறுத்தி, இரட்டைப் பூட்டும் போட்டு முடித்தேன். பிறகு அந்தப் பெண்ணின் உம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இவ்வளவையும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்த நஸ்ரினுக்கு அப்போதுதான் வெளித்தது:

"அப்ப இவளுகள் எல்லாம் உங்கட கஸ்டமர்களா? நான் அந்த மனிசனோட மூணு நாளாக் கதைக்காம இரிக்கிறனே!"

வாசலில் ஒரு பூ

என் கமராவைப் பூட்டிவிட்டேன். மண்டபத்துக்குள் வருகிற இருநூறு போனை எப்படிப் பூட்டுவது? வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்கிற காரியமில்லை. பாதிப் பேருடைய கணவன்மார் வெளிநாட்டில், எந்த நேரமும் அழைப்பு வரும். யோசித்து யோசித்து, கல்முனையில் பிள்ளைகளுக்கு விற்கிற பூ ஸ்டிக்கர் ஒரு கட்டு வாங்கினேன். மூன்று நாள் கணவனைப் பேச்சுக்குப் பட்டினி போட்ட பாவத்துக்குப் பரிகாரமாக, நஸ்ரினை மண்டப வாசலில் நிறுத்தினேன். வருகிறவர்களுக்கு ஒரு கையால் பன்னீர், மறு கையால் போனின் கமராக் கண்ணில் ஒரு பூ. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. போகும்போது உரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் முணுமுணுப்புத்தான். "எங்கள நம்பல்லியா?" என்று இரண்டு பேர் முகத்தைத் திருப்பினார்கள். நஸ்ரின் என்ன லேசுப்பட்டவளா? "உங்கள நம்புறன் ராத்தா, உங்கட போனத்தான் நம்பேலா, என்ட போன் எனக்கே செஞ்ச வேல தெரியுமா?" என்று கட்டார்க் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவாள். கேட்டுச் சிரித்து முடிவதற்குள் பூ ஒட்டியாகிவிடும். அன்று பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. யாரும் யாருடைய போனையும் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை உடுப்புப் போட்ட ஒரு பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், நான் எடுத்த படங்களில் ஆகச் சிறந்த படம் அதுதான். அதை நீங்கள் ஒருநாளும் பார்க்கமாட்டீர்கள்.

வீதியில் நிகாப் என்ற முகத்திரை இல்லாமல் இறங்காத ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பயந்துபோனேன், ஊரில் அவருடைய பேச்சுக்கு மறுபேச்சில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மண்டபமே கேட்கும்படி சொன்னார்:

"எனக்குத்தான் எண்டு பாத்தா, என்ட போனுக்கும் நிகாப் போட்டுட்டாளேகா!"

பச்சை உடுப்புக்காரி

எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு தொல்லை உண்டு. கல்யாணத்துக்கு வருகிற தாய்மாரில் பலர் பெண் பார்க்கத்தான் வருகிறார்கள். சோறு தின்னும்போதே கண் மண்டபத்தைச் சுற்றும். பிடித்த பிள்ளை யார் மகள் என்று கேட்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். அடுத்த நாள் அவர்கள் தேடி வருகிற இடம் என்னுடைய வீடு. "ஒரு படம், ஒரே ஒரு படம், பாத்துட்டு அழிச்சிருவன்." அழித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

அந்தப் பூ ஒட்டிய கல்யாணத்துக்கு அடுத்த நாள் சல்மா மாமி வந்தார். பெரிய வீட்டுக்காரி, மூன்று மகள், ஒரு மகன். கையில் வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த எங்கள் ஊர் இனிப்பு. "அந்தப் பச்ச உடுப்புப் புள்ளட படத்தத் தாகா, மகனுக்குக் காட்டணும்" என்றார். நான் சொன்னேன்: "மாமி, படம் தரமாட்டன். அது ஆரெண்டும் சொல்லமாட்டன். அந்தப் புள்ளட உம்மாட்டக் கேக்கிறன், அவ ஓம் எண்டா மட்டும் சொல்றன்." மாமியின் முகம் மாறியது. "என்ட மூணு மகள்ட கல்யாணமும் உனக்குத்தான் எண்டு நினைச்சிருந்தன்" என்றார். மூன்று கல்யாணம்! எனக்கு உள்ளுக்குள் இழுத்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மயில் யன்னலுக்குப் பின்னால் இருந்து அழுத பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. "எண்டாலும் தரமாட்டன் மாமி" என்றேன். மாமி எழும்பினார். கொண்டுவந்த வட்டிலப்பத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதுதான் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

பச்சை உடுப்புக்காரி பாலமுனை, பெயர் ஹஸ்னா. அவளுடைய உம்மாவிடம் கேட்டேன், உம்மா அவளிடம் கேட்டார். "படம் வேணாம், நேர வரச் சொல்லுங்க. அவங்க என்னப் பாக்கட்டும், நான் மாப்புளயப் பாக்கிறன்" என்று பிள்ளை சொன்னாள். அதைச் சல்மா மாமிக்குச் சொல்லிவிட்டு, இனி ஒன்றும் வராது என்று இருந்தேன். இரண்டு வாரம் கழித்து மாமி மறுபடியும் வந்தார், முன்னதைவிடப் பெரிய வட்டிலப்பத்தோடு. இரண்டு பக்கமும் பிடித்துப்போய்விட்டதாம். மகனுடைய கல்யாணம், அதற்குப் பிறகு மூன்று மகள்களுடையதும், எல்லாம் எனக்கே என்றார். ஏன் மாமி மனம் மாறினீர்கள் என்று கேட்டேன்.

"என்ட மருமகள்ட படத்த எனக்கே தராதவ, வேற ஆருக்குக்கா குடுக்கப்போறா?"

என்ன சாப்பிட்டேன் என்று கேளுங்கள்

ஹஸ்னாவின் கல்யாண ஒழுங்கு பேச நான் பாலமுனைக்குப் போனது சொல்லாமல் கொள்ளாமல். எங்கள் ஊர்களில் சொல்லாமல் போனாலும் சாப்பிடாமல் வர விடமாட்டார்கள். வீட்டில் அன்று வேறொன்றும் இல்லை, அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வந்தன, பின்னால் ஒரு சட்டித் தயிர் வந்தது. எனக்கு அமிர்தம். ஹஸ்னாவின் உம்மாவுக்குத்தான் வெட்கம். வாசல்வரை வந்து என் காதுக்குள், "கிழங்கு குடுத்தம் எண்டு ஆரிட்டயும் சொல்லிராதகா" என்றார்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பிறந்த நாள், பள்ளிக்கூடம், பிள்ளையின் பெயர், வீட்டுப் பூனையின் பெயர் என்று இருந்த இரகசியத்தையெல்லாம் நாங்களே பேஜில் எழுதிவைத்துவிட்டோம். ஒருவரும் எழுதாதது ஒன்றுதான், வந்தவளுக்கு வீட்டில் என்ன கொடுத்தோம் என்பது. "தங்கச்சி, நான் உங்கள்ட்ட ஒருநாளும் போனுல படம் கேக்கமாட்டன். என்ட பேர்ல ஆராவது கேட்டா, இந்த ஊட்டுல நான் என்ன சாப்பிட்டன் எண்டு கேளுங்க" என்று ஹஸ்னாவிடம் சொன்னேன். அன்றே போனை எடுத்து, யார் யார் வீட்டில் நான் சாப்பிட்டிருந்தேனோ அந்த மணப்பெண்கள் எல்லாருக்கும் ஒவ்வொருவராய் அதையே சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஹஸ்னாவுக்கு மருதோண்டி போட்ட அடுத்த நாள் காலை என் போன் அடித்தது. "ராத்தா, உங்கட பேஜ் மாதிரி இன்னொண்டு எனக்கு மெசேஜ் அனுப்பியிரிக்கி" என்றாள். அதே பெயர், அதே படம், பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் கூட. 'தங்கச்சி, ஆல்பத்துக்குப் படம் குறையுது. ஊட்டுக்குள்ள முக்காடு இல்லாம எடுத்த படம் இரிந்தா கெதியா அனுப்புங்க' என்று எழுதியிருந்தது. என் பேஜில் மணப்பெண்கள் நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள், ஹஸ்னாவும் முதல் நாள் இரவே எழுதியிருந்தாள். அந்த நன்றிகளை நான் பெருமைக்கு அப்படியே விட்டு வைத்திருந்தேன், களவாணிக்கு அதுவே பெயர்ப் பட்டியல் ஆகிவிட்டது. ஹஸ்னா சாப்பாட்டுக் கேள்வியைக் கேட்டுத் தப்பினாள், மற்றவர்கள்? ஒருத்தி, ஒரே ஒருத்தி நம்பி அனுப்பியிருந்தால்?

நஸ்ரினும் நானும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு இருந்தோம். இருபத்தாறு பெண்கள். பதினொரு பேருக்கு அந்த மெசேஜ் போயிருந்தது. பதினொரு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்! மருதமுனைக்காரிக்கு அவன் பிரியாணி என்று எழுதியிருக்கிறான், அவள் தந்தது இடியப்பம். ஒருத்திக்கு மறந்துபோச்சு என்றானாம். இன்னொருத்தியிடம், 'நீங்க என்ன தந்தீங்க?' என்று திருப்பிக் கேட்டிருக்கிறான், அவள் 'செருப்பு' என்று எழுதியிருக்கிறாள். தவளை தன் வாயாலேயே கெட்டது. ஒரு படம்கூடப் போகவில்லை. ஒன்றுகூட! போனைக் கீழே வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதுவிட்டேன். நஸ்ரினும் அழுதாள், பிறகு இருவரும் சிரித்தோம், ஏன் என்று தெரியவில்லை.

ஹஸ்னா மெசேஜையெல்லாம் படம்பிடித்து வைத்தாள், அவளுடைய வாப்பா அதைக் கொண்டுபோய்ப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். இருபத்தாறு பெண்களும், அவர்களுடைய ராத்தாமாரும் மாமிமாரும், அந்த ஆசிரியையும்கூட, ஆளுக்கு ஒன்றாய்ப் போலிப் பேஜுக்கு எதிராகப் புகார் அனுப்பினார்கள். பொழுதுபட்டு மக்ரிப் தொழுகைக்கு முன் அது காணாமல் போனது. பெண்களின் பெயர் இருந்த நன்றிகளையெல்லாம் நான் மறைத்துவிட்டேன். அவன் யார் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அவனுக்கு எங்களை நன்றாகத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஹஸ்னாவின் கல்யாணம். நஸ்ரின் வாசலில் பூவோடு நின்றாள். ஹஸ்னா மணப்பெண்ணாய் இருந்து, அன்று போலவே தலையைச் சாய்த்துச் சிரித்தாள், நான் பயமில்லாமல் எடுத்தேன். சல்மா மாமி கூட்டத்தின் நடுவில் நின்று, என் மருமகள்தான் கள்ளனைப் பிடித்தாள் என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹஸ்னாவின் உம்மாவுக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. மகளிடம் அவன் சொன்ன பதில் என்ன என்று அன்றுதான் கேள்விப்பட்டாராம். இத்தனை நாள் மறைத்து வைத்த இரகசியத்தையும் மறந்து, என்னை மூலைக்கு இழுத்துச் சொன்னார்:

"டீயும் பிஸ்கட்டும் எண்டா சொன்னான்? கிழங்கு எண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, வந்தவளுக்குப் பிஸ்கட் குடுத்தனுப்பின ஊடு எண்டு எங்கட மானத்தையெல்லாம் வாங்கிட்டானேகா!"

ஆக, இந்தத் தொழிலுக்கு வந்தபின் நான் போட்ட பூட்டுகளில் இதுவரை ஒருவனாலும் திறக்க முடியாதது என் வயிறு ஒன்றுதான் என்பதால், அது வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டு போவதை நான் பாதுகாப்பு ஏற்பாடாகவே எடுத்துக்கொள்கிறேன்.